ஹார்மோன் ஊசி போட்டும் பிஎஸ்ஏ ஏறுகிறதே, ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் இரண்டு ஆண்டுகளாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி போடுகிறோம். தினமும் பைகலூட்டமைடு 50 மி.கி. மாத்திரையும் உண்டு. 0.4-க்கு இறங்கிய பிஎஸ்ஏ (புரோஸ்டேட் செல்கள் சுரக்கும், ரத்தத்தில் அளக்கும் புரதம்), இப்போது 1.1, 1.9, 3.2 என்று ஏறுகிறது. ஊசி இனி வீண், 'செல் சிக்னலை அடைக்கும்' மூலிகைக் கேப்சூல் இருக்கிறது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: ஊசியை நிறுத்தாதீர்கள். பிஎஸ்ஏ ஏன் ஏறுகிறது என்று புரிந்தால் காரணமும் புரியும்.

புரோஸ்டேட் செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதில் பொருந்தியதும், அது செல்லின் உட்கருவுக்குள் போய் வளரச் சொல்லும் மரபணுக்களை முடுக்கும். பிஎஸ்ஏவைச் சுரக்க வைப்பதும் அதே ஏற்பிதான். ஊசி விரையில் அந்த ஹார்மோன் சுரப்பதை மட்டுமே நிறுத்துகிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவது நிற்பதில்லை. பட்டினி கிடக்கும் புற்றுச்செல் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்டு அந்தக் கொஞ்சத்தை வைத்தே பிழைக்கிறது. ஹார்மோனைத் தானே தயாரிப்பதும் உண்டு. சில செல்களில் ஹார்மோனே தேவைப்படாத குறை ஏற்பி உருவாகிறது. பிடென் என்ற தடுப்புப் புரதத்தை இழந்த செல்லில் பிஐ3கே–ஏகேடி என்ற வேறொரு பாதையும் முடுக்கிவிடப்படுகிறது. ஆக, ஒரு வழி அடைபட்டு மற்றவை திறந்திருக்கின்றன. அடைத்த வழியையும் திறந்துவிட்டால் டெஸ்டோஸ்டிரோன் திரும்ப ஏறி, எல்லாச் செல்களுக்கும் தீனி கிடைக்கும்.

முதலில், அடுத்த ஊசி நாளன்று ஊசிக்கு முன்பு, காலையில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். 50 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தால்தான் 'ஊசிக்கு அடங்காத நோய்' என்று சொல்ல முடியும். அதற்கு மேல் இருந்தால் கோளாறு ஊசியில்: நாள் தள்ளிப் போட்டிருக்கலாம், மருந்துப் பொடி சரியாகக் கரையாமல் போயிருக்கலாம். இந்த ஒரு பரிசோதனையைப் பிஎஸ்ஏவோடு சேர்த்து எழுதாமலேயே சில மருத்துவர்கள் மாதக்கணக்கில் மருந்தை மாற்றிக்கொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. கேட்டு வாங்குங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது பிஎஸ்ஏவைக் குறைத்தும் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் காட்டிவிடும்.

அடுத்தது பைகலூட்டமைடு. நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் இதைப் பற்றித்தான் பேச வேண்டும். இது ஏற்பியின் துளையில் உட்கார்ந்து ஹார்மோனை அண்டவிடாமல் தடுக்கும் மருந்து. காலப்போக்கில் ஏற்பியின் வடிவம் சிலருக்கு மாறிவிடும். அப்போது பூட்டாக இருந்த மாத்திரையே சாவியாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையை நிறுத்தினாலே பிஎஸ்ஏ இறங்கும். மருந்து உடலை விட்டு மெதுவாகத்தான் நீங்கும் என்பதால் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். இது சிறுபான்மையினருக்குத்தான் நடக்கும், சில மாதங்களே நீடிக்கும். புதிதாக எலும்பு வலி வந்தாலோ, ஸ்கேனில் பரவல் தெரிந்தாலோ அந்த ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் சொல்லி நிறுத்துவது மாத்திரையை, ஊசியை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

அதன்பின் பெரும்பாலும் அபிராடெரோன் அல்லது என்சலூட்டமைடு என்ற மாத்திரை. அபிராடெரோன் அட்ரினலிலும் கட்டியிலும் நடக்கும் ஹார்மோன் தயாரிப்பை அடைக்கும். வழக்கமான அளவு தினம் 1,000 மி.கி.; வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. போட்டபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்பான உணவோடு போட்டால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு எகிறும். கூடவே தரும் பிரெட்னிசோலோனை 'ஸ்டீராய்டு' என்று பயந்து விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

இனி கேப்சூல். ஆய்வகக் கிண்ணத்தில் செல் சிக்னலை அடைக்கும் பொருள்கள் ஏராளம். விழுங்கிய பின் கட்டிக்குள் அந்த அளவு போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. விற்பவர் அதைச் சொல்ல மாட்டார். பிஎஸ்ஏ உண்மையிலேயே இறங்கினால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை அமெரிக்காவில் அப்படித்தான் பேர் வாங்கியது. பரிசோதித்ததில் செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் இருந்தன. 2002-இல் சந்தையிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது.

மரபணுப் பரிசோதனைக்கு ஆள் பிடிப்பவர்களிடமும் எச்சரிக்கை. அறிக்கையில் பக்கம் பக்கமாகச் செல் சிக்னல் பாதைகளின் பெயர்கள் வரும்; அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தே கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியது பிஆர்சிஏ2 போன்ற, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் பற்றி. அங்கே கோளாறு இருந்தால் ஓலபாரிப் என்ற மருந்து உதவலாம். பரம்பரையாக வந்த கோளாறு என்றால் உங்களுக்கும் பரிசோதனை தேவை. கட்டியைப் பரிசோதிக்கத் திசு வேண்டும்; எலும்பிலிருந்து எடுத்த சதையை அமிலத்தில் ஊறவைத்திருந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். முதலில் எடுத்த புரோஸ்டேட் பயாப்சியின் மெழுகுக் கட்டியை (திசுவை மெழுகில் பதித்துச் சேமித்த துண்டு) கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

முதுகுவலியோடு கால் துவண்டாலோ, சிறுநீர் திடீரென நின்றாலோ அடுத்த பிஎஸ்ஏ வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது; அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.