கிராமப்புறத்தில் ஆள் ஏற்றி ஓட்ட எந்த வண்டி கட்டுப்படியாகும்?

மூன்று சக்கர வண்டியா, வேனா, மினி பஸ்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷோரூமுக்குப் போகும் முன்னால், மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வழித்தடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். காலையில் பள்ளிக்கூடம், சந்தை, வேலை என்று எந்த வண்டியும் நிரம்பத்தான் செய்யும், அதை மட்டும் பார்த்து இருபது சீட் வண்டி எடுப்பவர்கள் பகல் முழுக்கக் காலி சீட்டுக்குத்தான் டீசல் போடுகிறார்கள்.

தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் வண்டி நின்றாலும் போகிற காசு. அதை ஒரு நடைக்கு எவ்வளவு என்று பிரித்து, எரிபொருளையும் டயர் தேய்மானத்தையும் சேர்த்து, ஒருவர் தரும் கட்டணத்தால் வகுத்தால் எத்தனை பேர் ஏறினால் கைக்காசு போகாது என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு சீட்டில் ஒன்பது பேர் ஏறியே ஆக வேண்டும் என்று கணக்கு வந்தால் அந்த வண்டி வேண்டாம், ஐந்தாறு பேரில் முடிந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். காலையில் நிரம்பிப் போகிற வண்டி திரும்பும்போது பாதி காலியாக வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எடை. ஆளுக்கு 70 கிலோ, மூட்டை முடிச்சு 10 கிலோ என்றாலே 12 பேருக்கு 960 கிலோ, டிரைவரும் உட்கார்ந்தால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. சீட் எண்ணிக்கையை விட்டுவிட்டு எவ்வளவு எடை தாங்கும் என்று கேளுங்கள். மேடு அதிகமுள்ள பாதை என்றால் பின்சக்கரம் இழுக்கும் வண்டிதான் நல்லது, ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும்போது முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்துவிடும்.

டீசல் எடுப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், விற்பவர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். சேர்ந்த கரி எரிய வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும், பத்தடிக்கு ஒருவரை ஏற்றி இறக்கும் ஓட்டத்தில் அதற்கு எங்கே வழி? அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. மின்சார வண்டியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் முழு பாரத்தோடு மேடு ஏறும்போது விளம்பரத்தில் சொன்ன தூரம் வராது. ஒரு தடவை ஏற்றிய சார்ஜ் ஒருநாள் ஓட்டத்துக்குப் போதும் என்றோ, மத்தியானம் நிற்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்ற முடியும் என்றோ உறுதியானால் தாராளமாக எடுக்கலாம்.

எந்த மாடல் என்பதைப் பக்கத்து மெக்கானிக்கிடமே கேளுங்கள். அந்தப் பகுதியில் அதிகம் ஓடும் சரக்கு வண்டியின் இன்ஜினே உள்ள பயணிகள் வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள், உதிரி பாகம் பக்கத்திலேயே கிடைக்கும், ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக மூன்று நாள் வண்டி நிற்காது.

பழையது வாங்கினால் மீட்டரை நம்ப வேண்டாம். அடியில் படுத்து, வண்டியின் பாரம் தாங்கும் அடிச்சட்டமான சேஸியில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.