இரண்டாம் உலகப் போரின் கறுப்பின வீரர்களுக்கு அமெரிக்காவின் உயரிய ராணுவப் பதக்கம் 1997 வரை கிடைக்காதது ஏன்?

நிறப் பிரிவினை ராணுவம் என்றால், ஒரே நாட்டின் படையில் கறுப்பினத்தவருக்கு மட்டும் தனிப் படைப்பிரிவு, தனித் தங்குமிடம் என்று ஒதுக்கி வைப்பது. அன்றைய அமெரிக்கப் படை அப்படித்தான் இருந்தது. தானமாக வந்த ரத்தத்தைக்கூட நிறம் பார்த்துத் தனியாக வைத்தார்கள் என்றால் பாருங்களேன்!

அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றினர். ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்ற அந்த உயரிய பதக்கம் நானூறுக்கும் அதிகமாக வழங்கப்பட்டதில் அவர்களுக்கு அப்போது ஒன்றுகூட இல்லை. காரணம், மேலதிகாரி பரிந்துரை எழுதினால்தான் பதக்கம். அந்த அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வகுப்பாசிரியர் பெயரே எழுதி அனுப்பாத மாணவனுக்குத் தலைமையாசிரியர் எப்படிப் பரிசு கொடுப்பார்?

கறுப்பின வீரர் வெர்னன் பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஏப்ரலில், இத்தாலியின் வியாரெஜ்ஜோ அருகே, மலைக்கோட்டையை நோக்கி ஏறும் வழியில் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை ஒவ்வொன்றாக அழித்தார். துணைக்கு ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிப் போன வெள்ளை கேப்டன் திரும்பவேயில்லை. பேக்கருக்குக் கிடைத்தது இரண்டாம் நிலைப் பதக்கம்.

1993இல் ராணுவம் ஷா பல்கலைக்கழகத்திடம் பழைய ஆவணங்களை ஆராயச் சொன்னது. அதன் பலனாக 1997 ஜனவரியில் ஏழு பேருக்கு அதிபர் கிளின்டன் உயரிய பதக்கத்தை அளித்தார். அப்போது உயிரோடு இருந்தவர் பேக்கர் மட்டுமே.

“சமையலும் சரக்கு ஏற்றுவதும்தானே அவர்கள் வேலை, பதக்கம் எப்படி வரும்?” என்று சிலர் கேட்பதுண்டு, பலரை அந்த வேலைக்கே அனுப்பினார்கள் என்பது சரி, ஆனால் பேக்கரின் 92ஆவது டிவிஷனும் கறுப்பின வீரர்களைக் கொண்ட 761ஆவது டாங்க் பட்டாலியனும் முன்வரிசையில் நின்றே சண்டையிட்டன.