பேஸ் கூட்டினால் சப்வூஃபர் தட்டுவது ஏன்?

கேள்வி: பழைய பாடல்களுக்காகக் காரில் பேஸ் (தாழ்ந்த ஒலி) புராசசர் பொருத்தினேன். ஒலியைக் கூட்டினால் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ‘டக் டக்’ என்கிறதே?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இந்த வகைக் கருவி, பாட்டில் உள்ள பேஸை உயர்த்துவதோடு நிற்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் அதில் பாதியான 25 ஹெர்ட்ஸைப் புதிதாக உருவாக்கிச் சேர்க்கும். உங்களுடையது துளை வைத்த பெட்டி என்றால் சிக்கல் அங்கேதான். அந்தத் துளைப் பெட்டி எந்த அலைவெண்ணுக்கு அமைந்ததோ, ஒலி அதற்குக் கீழே போனால், ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனைத் தாங்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது. கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பின்தட்டில் மோதும். அந்தச் சத்தத்தோடு தயவுசெய்து பாட்டுப் போடாதீர்கள், காயில் போய்விடும்.

பெட்டி 35 ஹெர்ட்ஸுக்கு அமைந்திருந்தால் ஆம்ப்ளிஃபையரின் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) 30 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆம்ப்ளிஃபையரில் உள்ள, பேஸை உயர்த்தும் பேஸ் பூஸ்ட் கட்டாயம் பூஜ்யத்தில் இருக்கட்டும். 6 டெசிபல் கூடினாலே நான்கு மடங்கு சக்தி வேண்டும். புராசசர் குமிழைக் கடைசியாக, மெல்ல ஏற்றுங்கள். ஒலி கரகரத்தால் சற்று இறக்குங்கள்.