பாக் விரிகுடாவில் கடற்புல் நடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேதுபாவாசத்திரம் ஒன்றியத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் கடலோர விரிகுடாக்களில் பொதுமக்கள் சேர்ந்து அழிந்துபோன கடற்புல்லை மீண்டும் வளர்த்ததைப் பற்றி வகுப்பில் பேசினேன். அன்றிலிருந்து “நம் கடலிலும் நடலாமே சார்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் தரவும் முன்வந்திருக்கிறது. கோடை விடுமுறைக்குள் நடவை முடித்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவர்களின் நிபந்தனை. நட்டால் நிற்குமா? ஊர் மீனவர்கள் இதற்கு ஒத்துழைப்பார்களா? பள்ளிப் பிள்ளைகளால் ஆகக்கூடிய வேலையா இது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச., பேராவூரணி

அன்புள்ள ச.,

உங்கள் மாணவர்களின் ஆசை நல்ல ஆசை. அதை வீணாக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே முதலில் சற்றுக் கடுமையாகத் தோன்றக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் நட நினைக்கும் இடத்தில் இப்போது ஏன் புல் இல்லை என்ற கேள்விக்கு விடை தெரியாதவரை அங்கே ஒரு தண்டைக்கூட ஊன்ற வேண்டாம். புல்லை அழித்த காரணம் நீங்கியிருந்தால் நடவு பலன் தரும். நீங்கவில்லை என்றால், பிள்ளைகள் நட்டதும் அழிந்தவற்றோடு சேர்ந்துவிடும்.

வர்ஜீனியாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் தொடக்கத்தில் பரவிய ஒரு நோயும், 1933 ஆகஸ்டில் வீசிய சூறாவளியும் அங்கிருந்த கடற்புல் வெளிகளை அடியோடு அழித்தன. புல்லை நம்பி வாழ்ந்த விசிறிச் சிப்பிகள் மறைந்தன, அந்தச் சிப்பித் தொழிலும் முடிந்துபோனது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த விரிகுடாக்களின் தரை வெறுமையாகவே கிடந்தது. 1990களின் பிற்பகுதியில் சவுத் பே என்ற பகுதியில் தானாகவே முளைத்திருந்த ஒரு சிறு திட்டு கண்ணில் பட்டது. அது பிழைத்திருக்கிறது என்றால் நீர் மீண்டும் புல்லுக்கு ஏற்றதாக இருக்கிறது என்றுதானே பொருள்? வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆர்த்தும் அவருடைய குழுவினரும் அதை நம்பி 1999இல் விதைக்கத் தொடங்கினார்கள்.

விதை சேகரிக்கும் வேலையில்தான் பொதுமக்கள் பெருமளவில் கைகொடுத்தார்கள். வசந்த காலத்தின் முடிவில் தன்னார்வலர்கள் முக்குளிப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஆழமற்ற நீரில் நீந்தியபடியே, விதை முற்றிய தண்டுகளை மட்டும் தேர்ந்து கையால் பறித்து வலைப்பைகளில் நிரப்புவார்கள். அவற்றைக் கடல்நீர்த் தொட்டிகளில் இட்டு வைத்தால் தண்டு அழுகி விதை அடியில் தங்கும். அதைப் பிரித்தெடுத்து இலையுதிர் காலத்தில் படகிலிருந்து தூவுவார்கள். ஆண்டுதோறும் இதையே செய்தார்கள். இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள் மொத்தம் 213 ஹெக்டேர் பரப்பில் தூவப்பட்டன. புல் அங்கிருந்து தன் விதைகளாலேயே பரவி 3,600 ஹெக்டேருக்கு மேல் விரிந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வறிக்கை கூறுகிறது. மனிதர் விதைத்ததைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேலான பரப்பில் கடல் தானே விதைத்துக்கொண்டது.

இந்தச் சாதனையைப் படிக்கும் நமக்கு விதையும் தன்னார்வலர்களும்தான் கண்ணில் படுகின்றன. அதற்கு அடிப்படையாக இருந்த நிலைமை கண்ணில் படுவதில்லை. அழித்த நோயும் புயலும் எப்போதோ கடந்து போயிருந்தன. அட்லாண்டிக்கை நோக்கித் திறந்த, கரையில் பெருநகரங்கள் இல்லாத விரிகுடாக்கள் என்பதால் நீர் தெளிவாக இருந்தது. குறைவாக இருந்தது விதை மட்டுமே, மனிதர்கள் அதைக் கொண்டு சேர்த்தார்கள்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்ற இடம் புளோரிடாவின் டாம்பா விரிகுடா. அங்கே கழிவுநீரால் பாசி பெருகி, நீர் கலங்கி, வெளிச்சம் கிடைக்காமல் புல் அழிந்தது. 1970களில் கரையோர மக்கள் எழுப்பிய குரலால் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் கடுமையான சட்டம் வந்தது. நகரங்கள் தங்கள் நிலையங்களைச் செலவு செய்து மேம்படுத்தின. பெரிய அளவில் நடவு எதுவும் இல்லாமலே, 1982இல் சுமார் 21,600 ஏக்கராகச் சுருங்கியிருந்த கடற்புல் 2016இல் 41,000 ஏக்கரைத் தாண்டியது. அதன் பிறகு நீரின் தரம் மீண்டும் கெட்டபோது, 2022க்குள் 30,000 ஏக்கர் அளவுக்கு இறங்கியும்விட்டது. காரணத்தை நீக்கினால் புல் வரும், காரணம் திரும்பி வந்தால் புல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இனி நம் கடலுக்கு வருவோம். கோடியக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை வளைந்து கிடக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலையும் பெரும்பாலும் அடங்கியது. வெளிச்சம் அடித்தரை வரை எட்டும் இடங்களில் ஒரு டசனுக்கும் மேற்பட்ட இனக் கடற்புற்கள் வளர்கின்றன. பாசியைப் போல அல்லாமல் இவை வேரும் பூவும் விதையும் உள்ள தாவரங்கள் என்பதை நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். நீலக்கால் நண்டும் இறாலும் ஓரா மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இந்தத் தாழைக்குள்தான் (கடற்புல்லை மீனவர்கள் தாழை என்பார்கள்). நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல் மேயும் கடற்பசு, மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு கன்றை ஈனும் விலங்கு. அதனால் ஒரு கடற்பசு வலையில் மாட்டி மூச்சுத் திணறி இறந்தால் அந்த இழப்பை ஈடு செய்யப் பல ஆண்டுகள் ஆகும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததற்குக் காரணம், அந்த விலங்கு மேயும் புல்வெளிகள் அங்கே இருப்பதுதான்.

அந்தப் புல்லை அழிப்பது எது? காரணம் ஒன்றல்ல. ஆனால் முதன்மையானது இழுவைமடி, அதாவது விசைப்படகுகள் கடலடித் தரையோடு இழுத்துச் செல்லும் வலை. மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு கனமான பலகைகளும், அடிக்கயிற்றில் கோத்த சங்கிலியும் தரையை உழுதுகொண்டே போகின்றன. வேர்த்தண்டு அறுகிறது. அதைவிடக் கேடு, கிளம்பும் சேறு அக்கம்பக்கத்துப் புல்லின் மீதும் படிந்து வெளிச்சத்தை மறைப்பது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. அந்த எல்லை எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பதை உங்கள் மாணவர்களின் தந்தையர் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஆயினும் விசைப்படகுக்காரர்களைக் குற்றவாளிகளாகக் காட்டி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. அரசே மானியம் கொடுத்து ஊக்குவித்த தொழில் அது. கடனில் வாங்கிய படகை நிறுத்திவைத்தால் வட்டி நிற்காது. அவர்களை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017இல் தொடங்கிய திட்டம் 2,000 படகுகளை இலக்காக வைத்தது. மாறியவை அதில் மிகச் சிறு பகுதியே. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து, மன்னாரின் தமிழ் மீனவர்கள் போர் முடிந்து கடலுக்குத் திரும்பியபோது தங்கள் வலைகளை அறுத்துச் சென்றவை நம் இழுவைப் படகுகள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஒரே விரிகுடாவின் ஒரு கரையில் தடை செய்யப்பட்ட தொழில், மறு கரையில் தொடர்கிறது. மாற்றுத் தொழிலுக்கான முழுப் பொறுப்பையும் அரசு ஏற்காமல் இது தீராது என்பதே என் உறுதியான கருத்து.

மீனவர்கள் ஒத்துழைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் கடலில் விதி வகுத்துப் பழகியவர்கள் அவர்கள்தான். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்ற முறை, மோதல்களுக்குப் பிறகு பேசி ஏற்பட்டது. இன்ன வலையை இன்ன இடத்தில் போடக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து கூடிக் கட்டுப்பாடு விதிப்பதும் மீறினால் தண்டம் வாங்குவதும் கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. வலையில் மாட்டிய கடற்பசுவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்து விடுவித்த மீனவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டியும் இருக்கிறது. ஆகவே நாம் ஒரு திட்டத்தை முடிவு செய்துவிட்டு அவர்களின் ஒத்துழைப்பைக் கோருவது முறையல்ல. அவர்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, எங்கே தாழை இருந்தது, எந்த ஆண்டிலிருந்து இல்லை, ஏன் என்று முதலில் கேட்க வேண்டும்.

சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய பாதுகாப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும், அதில் அந்தந்தக் கிராம ஊராட்சியின் பிரதிநிதி உறுப்பினராக இருக்க வேண்டும். காட்டை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. கடலில் எந்த ஊராட்சியின் எல்லை எதுவரை என்று யாரும் கேட்கலாம். அதனால்தான் கரையோர ஊராட்சிகள் தங்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டு அந்த இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன். இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தஞ்சை, நாகைக் கரையில் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் சாதகமான தீர்ப்பு வந்தது. பின்னர் வந்த சட்டம் அந்தத் தீர்ப்பின் பலனைப் பெரிதும் குறைத்துவிட்டது என்றாலும், கடற்கரையைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றத்தைப் பேச வைத்தவர்கள் இந்த மண்ணின் விவசாயக் கூலிகளும் கிராமத்துப் பெண்களும்தான்.

நடவு முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவில் போல விதை தூவுவது நம் கடலில் எளிதல்ல. இங்குள்ள இனங்கள் பெரும்பாலும் வேர்த்தண்டால் பரவுகின்றன. வெளிவயல் என்ற ஊரை மையமாகக் கொண்டு இயங்கும் ஓம்கார் என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு மூங்கில் சட்டத்தையும் தேங்காய்நார்க் கயிற்றையும் கொண்டு ஒரு முறையை உருவாக்கியிருக்கிறது. நல்ல புல்வெளியிலிருந்து வேர்த்தண்டோடு எடுத்த துண்டுகளைச் சட்டத்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் இடைவெளி விட்டு முடிந்து, சட்டத்தைத் தரையில் அசையாமல் பதித்துவிடுகிறார்கள். புல் வேர் பிடித்த பிறகு கயிறும் மூங்கிலும் மக்கிவிடும், பிளாஸ்டிக் எதுவும் கடலில் மிஞ்சாது. அதைக் கட்டுவதற்குப் பழகிய விரல்கள் வேண்டும், வலை பின்னும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கைவந்த வேலை. ஆனால் ஒவ்வொரு துண்டும் உயிரோடு இருக்கும் ஒரு புல்வெளியிலிருந்து எடுக்கப்படுகிறது. நட்டது பட்டுப்போனால் எடுத்த இடத்துக்கும் நட்டம். எனவே வனத்துறையின் அனுமதியும், அனுபவமுள்ளவர்களின் மேற்பார்வையும் இல்லாமல் ஒரு தண்டையும் தொட வேண்டாம். பிள்ளைகளை ஆழத்தில் இறக்கவும் வேண்டாம்.

அந்த நிறுவனத்தின் நிபந்தனையை நான் ஏற்க மாட்டேன். கோடை விடுமுறைக்குள் நடவு முடிந்து படமும் எடுத்தாகிவிட்டால் அவர்கள் கணக்கு முடிந்துவிடும். புல்லுக்கோ அடுத்து வரும் வாடைக்காலத்தில்தான் சோதனை தொடங்குகிறது. அவர்கள் உண்மையில் உதவ விரும்பினால் ஐந்தாண்டுகளுக்குச் சிறு சிறு தொகையாகத் தரட்டும். வலை அறுத்துக் கடற்பசுவை விடுவிக்கும் மீனவருக்குப் புது வலை வாங்கவும், கடலடியில் விட்டுப்போன வலைகளை எடுத்துவரும் படகுக்கு டீசல் போடவும் அந்தப் பணம் உதவட்டும். மறுத்தால் அந்தப் பணம் உங்களுக்கு வேண்டாம்.

மாணவர்களுக்கு உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டளவு வட்டத் தகட்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அடியில் எடை கட்டி, சாண் அளவுக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். பெரியவர் ஒருவர் ஓட்டும் வல்லத்திலிருந்து அதை நீரில் மெல்ல இறக்கி, தட்டு கண்ணுக்கு மறையும்போது எத்தனை முடிச்சு இறங்கியது என்று எழுத வேண்டும். 1865இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கையாண்ட முறை இது, உலகெங்கும் நீரின் தெளிவை இன்றும் இதைக் கொண்டு அளக்கிறார்கள். நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில், மாதம் இரு முறை அளக்கட்டும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களிலும் வாடைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் இழுவைப் படகுகள் கடலில் இல்லாதபோது தெளிவு கூடுகிறதா என்றும் பார்க்கட்டும். கூடவே, வலையில் வேரோடு வந்த தாழை எவ்வளவு, கடலில் எந்த இடத்தில் வலை போட்டபோது வந்தது என்று வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒரு முழு ஆண்டுக்கான குறிப்பு சேர்ந்ததும் அதன் படி ஒன்றை ஊர்ப் பஞ்சாயத்திலும் இன்னொன்றை வனச்சரகர் அலுவலகத்திலும் கொடுங்கள். மூன்றாவது படியை எனக்கு அனுப்பினால், வெளிச்சம் தரையை எட்டியும் புல் இல்லாத இடம் ஏதேனும் அதில் தென்படுகிறதா என்று உங்களோடு உட்கார்ந்து பார்க்க நானே பேராவூரணிக்கு வருகிறேன்.