கன்சோலுடன் வரும் கேம் இலவசமா? – வாசகர் கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் கன்சோல் தனியாக 449.99 டாலருக்கு வந்தது. 'மாரியோ கார்ட் வேர்ல்டு' சேர்த்தால் 499.99. அந்த கேமின் தனி விலையோ 79.99. 30 டாலரை ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்?
– கோவை வாசகர்

ப: கேமை உருவாக்கத்தான் பெரும் செலவு, உருவாக்கிய பிறகு இன்னொரு பிரதிக்கு ஆகும் செலவு சொற்பம். அதிலும் அந்தப் பெட்டியில் வருவது கேம் பதிந்த கார்டு அல்ல, டவுன்லோடு பதிப்பு. கார்டு தயாரிக்கும் செலவு மிச்சம், வாங்கியவர் ஆடி முடித்து செகண்ட் ஹேண்டில் விற்கவும் வழியில்லை. 80 டாலர் கொடுத்து அந்த கேமை ஒருபோதும் வாங்கியிருக்காதவரிடமிருந்தும் 50 டாலர் வந்துவிடுகிறது.

கன்சோல் விலையையே 30 டாலர் குறைத்திருக்கலாமே என்று தோன்றும். அப்படிக் குறைத்தால், எந்த விலைக்கும் வாங்கத் தயாராக இருப்பவருக்கும் அது போய்ச் சேரும். குறைத்த விலையை மறுபடி ஏற்றினால் வாங்குபவர்கள் கொதிப்பார்கள். கேமைச் சேர்த்துக் கொடுப்பதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம்.

இதற்கெல்லாம் மேல், கன்சோல் வீட்டுக்குள் வந்த பிறகுதான் வியாபாரமே சூடுபிடிக்கும். பிற நிறுவனங்களின் கேம் விற்றாலும் கன்சோல் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. டிஜிட்டல் கடைகளில் அது வழக்கமாக 30 சதவீதம். கேமைக் கொடுத்து கன்சோலை வீட்டுக்குள் நுழைக்கும் இந்த வேலையை 1991இல் சேகா நிறுவனம் துணிந்து செய்தது. அமெரிக்காவில் தன் ஜெனிசிஸ் கன்சோலுடன் கொடுத்துவந்த 'ஆல்டர்ட் பீஸ்ட்'டை எடுத்துவிட்டு, தன் புத்தம்புது 'சோனிக்'கைச் சேர்த்தது; விலையையும் 189 டாலரிலிருந்து 149 ஆக்கியது. தனியாக விற்றால் பணம் கொட்டும் கேமைச் சும்மா கொடுப்பதா என்று ஜப்பான் தலைமையகம் எதிர்த்தது. அமெரிக்கக் கிளையின் தலைவர் டாம் கலின்ஸ்கே விடவில்லை. நிண்டெண்டோவுக்குச் சரிசமமாக சேகா அங்கே நின்றதில் அந்தத் துணிச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு.

கே: எந்த கேமைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– திருநெல்வேலி வாசகர்

ப: கருவியின் புதுமையை முதல் ஐந்து நிமிடத்தில் புரியவைக்கும் கேம்தான் சரியான தேர்வு. 2006இல் வந்த நிண்டெண்டோவின் வீ கன்சோலில் ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி ஆட வேண்டும். 'வீ ஸ்போர்ட்ஸ்' டென்னிஸில் பாட்டிக்கும் அது விளங்கியது. அமெரிக்காவில் அந்த கேம் கன்சோல் பெட்டியிலேயே வந்தது; ஜப்பானில் அதைத் தனியாகத்தான் விற்றார்கள்.

வாங்குபவர் கேட்காததைத் திணித்தால் விலைதான் உறுத்தும். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல், உடலசைவைக் கண்டறியும் கினெக்ட் கேமராவோடு 499 டாலர். போட்டியாளரான சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) 399. அடுத்த ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியை மைக்ரோசாஃப்ட் 399க்கு இறக்க வேண்டியதாயிற்று.

கே: கேமும் சேர்ந்து வரும் பண்டில் பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– சென்னை வாசகர்

ப: உள்ளே இருப்பது டிஸ்க்கா, கேமை டவுன்லோடு செய்வதற்கான கோட் சீட்டா என்று முதலில் கேளுங்கள். கோட் என்றால் அது எந்த நாட்டுக்கானது என்பது முக்கியம். பிளேஸ்டேஷன் கணக்கில் ஒருமுறை பதிந்த நாட்டை மாற்ற முடியாது; வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் கோட் இந்தியக் கணக்கில் ஏறாமல் போகலாம். சீட்டில் காலாவதித் தேதி இருந்தால் அதற்குள் ஏற்றிவிடுங்கள். கோட் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்வதால், கன்சோலைப் பின்னால் விற்கும்போது கேமுக்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது. கடைசியாக, அந்த கேமை நீங்கள் தனியாக வாங்கியிருப்பீர்களா என்று யோசியுங்கள். மாட்டீர்கள் என்றால் கேம் இல்லாத பெட்டியே உங்களுக்கு மலிவு.