மிளகாய் இலை சுருண்டால்: வெயிலா, பூச்சியா?

கேள்வி: திறந்தவெளியில் கறுப்புப் பைகளில் 14 மிளகாய்ச் செடி வளர்க்கிறேன். பத்து நாளாக வெயில் 39, 40 டிகிரி அடிக்கிறது. இலைகள் மேல்நோக்கிச் சுருள்கின்றன. சில இலைகள் வெளுத்துப்போயிருக்கின்றன. பூவும் உதிர்கிறது. மருந்துக் கடையில் ஓர் இலையைக் காட்டினேன். வைரஸ் என்று சொல்லி மூன்று பாட்டில் கொடுத்து, ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பாட்டில் மூடியைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். இன்னும் என்ன கோளாறு என்றே தெரியவில்லை. ஒரே ஓர் இலையை மேசையில் வைத்துப் பார்த்து வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் செடிகளைப் பாருங்கள். மதியம் படகு மாதிரி மடிந்து நின்ற இலை காலையில் விரிந்து தட்டையாக இருந்தால் அது வெயிலின் வேலை. தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்கச் செடி இலையை மடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காலையிலும் சுருண்டே இருந்தால் மட்டும் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

அடுத்தது, சுருட்டல் எங்கே இருக்கிறது என்பது. வெயில் பாகுபாடு பார்க்காது. 14 செடியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், வெயில் படும் பக்கத்தில்தான் அதிகமாக வாடும். பூச்சி அப்படி வராது. ஒரு செடியில் தொடங்கி, பக்கத்துச் செடிக்குப் போய், திட்டுத்திட்டாகப் பரவும். இலைப்பேன் என்ற சாறுறிஞ்சும் சின்னப் பூச்சி கொழுந்தைத்தான் தேடிப் போகும். அது சாறு உறிஞ்சிய இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, நெளிநெளியாகச் சொரசொரத்து, அடிப்பக்கம் பழுப்பு மினுமினுப்பாகத் தெரியும். அந்த இலை திரும்ப விரியாது. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகி நின்றால் அது மஞ்சள் சிலந்தி என்ற நுண்ணிய பேனின் வேலை. உங்கள் இலை மேல்நோக்கிச் சுருள்வதால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, கொழுந்தை விரலால் நாலு தட்டு தட்டுங்கள். பூவையும் அப்படியே தட்டுங்கள். தாளை வெளிச்சத்தில் வைத்து அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். வைக்கோல் துணுக்கு மாதிரி, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். ஐந்தாறு செடியில் தட்டியும் எதுவும் நகரவில்லை என்றால் பூ உதிர்வதற்கும் வெயிலே காரணம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டாலே மகரந்தம் கெட்டு, பூ காம்போடு கழன்று விழும். மிளகாயின் சுபாவம் அது. எந்த டானிக்கும் அதை மாற்றாது.

இப்போது வெளுத்த இலைகள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெயில் என்று நினைத்துக் கைகட்டி நிற்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வெயிலும் பேனும் ஒன்றாக வரும் இடம் இது. செம்பேன் என்று சொல்கிறோமே, அந்தச் சிலந்திப்பேனுக்கு வறண்ட சூடுதான் கொண்டாட்டம். 30 டிகிரியில் முட்டை ஒரு வாரத்துக்குள் வளர்ந்த பேனாகிவிடும். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணில் தூசு மாதிரிதான் படும். அது சாறு உறிஞ்சிய இலையைத் தள்ளி நின்று பார்த்தால் வெயிலில் வெளுத்த இலை போலவே இருக்கும்.

கிட்டே போய்ப் பாருங்கள். வெயிலில் வெந்த இலையில் வெளுப்பு ஒரே திட்டாக, காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். மேலே இருக்கும் இலையின் வெயில் பட்ட பாகத்தில் மட்டும் இருக்கும். அதற்கு மேல் இன்னொரு இலை நிழல் தந்திருந்தால், அந்த நிழலின் வடிவம்கூடப் பச்சையாகப் பதிந்திருக்கும். அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். சிலந்திப்பேன் இலையில் வெளுப்பு திட்டாக இராது. ஊசியால் குத்தியதுபோல் புள்ளிபுள்ளியாக, நடு நரம்பை ஒட்டித் தொடங்கும். பெரும்பாலும் கீழ் இலைகளில், நிழலில் இருக்கும் இலைகளிலும் முதலில் தெரியும். வெயிலே படாத இலை வெளுத்திருந்தால் அதற்கு வெயில் காரணமாக முடியாது, இல்லையா? அந்த இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம். காம்பும் தண்டும் சேரும் இடத்தில் நூலாம்படை தெரிந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் அந்த மூன்று பாட்டில்தான். இப்படிக் கொடுக்கும் கலவையில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். சிலந்திப்பேன் பூச்சியே கிடையாது, எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனம். அந்த மருந்து அதைக் கொல்லாது. அதைப் பிடித்துத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிட்டு, பேனுக்குத் தோட்டத்தை ஒப்படைத்துவிடும். பத்து நாளில் பேன் பெருகும், நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள், இன்னொரு பாட்டில் கிடைக்கும். விற்பவரே மருத்துவராகவும் இருந்தால் வேறென்ன நடக்கும்? எங்களைப் போல ஆலோசனை சொல்பவர்கள் செடிப் பக்கம் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது, கடை மட்டும் தினமும் திறந்திருக்கிறது. மருந்து அடித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற வரியை எறும்பு எழுத்தில் அச்சடிக்கிறார்கள். நீங்கள் சாப்பிடப் பறிக்கும் காய் இது. பாட்டிலில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று போடாமல் 'இயற்கை', 'சர்வரோக நிவாரணி' என்று மட்டும் போட்டிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

வைரஸ் பற்றி ஒரு வார்த்தை. செடிக்கு வந்த வைரஸைக் குணமாக்கும் மருந்து எந்தப் பாட்டிலிலும் இல்லை. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ் என்றால் புது இலைகள் சிறுத்து, மஞ்சளித்து, செடியே குட்டையாக நின்றுவிடும். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி.

சரி, இப்போது என்ன செய்வது? 35 முதல் 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேலே, காற்றோடும்படி உயர்த்திக் கட்டுங்கள். கறுப்புப் பை வெயிலை இழுத்து வேரை வேக வைக்கும். பையைச் சுற்றி வெள்ளைத் துணியோ சாக்கோ கட்டி, மண்மேல் காய்ந்த இலை தழையை மூடாக்காகப் போடுங்கள். தண்ணீரை அதிகாலையில் விடுங்கள். மதியம் வாடியதைப் பார்த்து மறுபடி ஊற்றுவதற்கு முன், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும்.

இலைப்பேனோ சிலந்திப்பேனோ இருந்தால், முதல் வேலையாக இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. அப்புறமும் தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். முதல் நாள் ஒரு கிளையில் மட்டும் அடித்துப் பாருங்கள். சிலந்திப்பேனுக்குப் போடும் கந்தகத் தூளை இந்த வெயிலில் நினைக்கவே வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் அது இலையைக் கருக்கும், எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தால் இன்னும் மோசம்.

சுருண்ட பழைய இலைகளைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். மூன்று செடியில் இப்போதைய கொழுந்துக்குக் கீழே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து நூலுக்கு மேலே வந்த இலையைப் பாருங்கள். அது தட்டையாக, பளபளப்பாக இருந்தால் நிழலே போதும், பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.