கடலடி நில அதிர்வாய்வின் ஓசை: கேள்வி பதில்

நீருக்கடியில் பதிவாகும் ஓசைகளைப் பகுத்தாய்வது என் தொழில். எண்ணெயும் எரிவாயுவும் தேடும் நில அதிர்வாய்வுக் கப்பல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். புதிதாகக் கேட்கும் முன் கீழே உள்ள பதில்களை ஒருமுறை படித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

கேள்வி: கடலுக்குள் வெடி வைக்கிறார்களா, ஐயா?

பதில்: வெடிமருந்து வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இப்போது கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் காற்றுத் துப்பாக்கிகள், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2000 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த காற்றை நொடிப்பொழுதில் நீருக்குள் விடுகின்றன. அப்போது எழும் ஓசை கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை, கிலோமீட்டர் கணக்கில் நீளும் வடங்களில் கோத்த ஹைட்ரோபோன்கள் (நீருக்கடி ஒலிவாங்கிகள்) பதிவு செய்கின்றன. 10 முதல் 15 நொடிக்கு ஒருமுறை, இரவு பகலாக, சில வேளை மாதக்கணக்கிலும் இது தொடரும்.

கேள்வி: இந்தத் துப்பாக்கிகளின் ஓசை 250 டெசிபல் என்கிறார்களே, ஜெட் விமானமே 140 தானே?

பதில்: இந்த ஒப்பீட்டை எங்கே கண்டாலும் நம்பாதீர்கள். ஒலியழுத்தத்தைக் காற்றில் 20 மைக்ரோபாஸ்கலையும் நீரில் 1 மைக்ரோபாஸ்கலையும் (மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தின் அலகு) அடிப்படையாகக் கொண்டு அளக்கிறோம். அதிலேயே 26 டெசிபல் வேறுபாடு வந்துவிடுகிறது. நீரின் அடர்த்தியும் அதில் ஒலி செல்லும் வேகமும் அதிகம் என்பதால் மேலும் 36 சேர்ந்து, ஒரே செறிவுள்ள ஒலிக்கு நீரில் சுமார் 62 டெசிபல் கூடுதலாகக் காட்டும். தவிர, 250 என்பது தொலைவில் அளந்துவிட்டு, துப்பாக்கிகள் எல்லாம் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொண்டு ஒரு மீட்டருக்குப் பின்னோக்கிக் கணக்கிட்ட எண். இதனால் ஓசை சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ 4000 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த துப்பாக்கி ஓசையை அட்லாண்டிக் நடுவே வைத்த ஹைட்ரோபோன்கள் பதிவு செய்திருக்கின்றன.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆய்வில் 1.2 கிலோமீட்டர் வரை மிதவை உயிரிகள் (பிளாங்க்டன்) செத்தன. இதற்கு மேலும் தடை விதிக்க என்ன தயக்கம்?

பதில்: 2017இல் வெளியான அந்த ஆய்வு முக்கியமானது. 150 கன அங்குலத் துப்பாக்கி ஒன்றை மட்டும் இயக்கி, முன்னும் பின்னும் வலையில் அள்ளிய உயிரிகளுக்குச் சாயமேற்றி, உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் பிரித்து எண்ணினார்கள். இறந்தவை இரண்டு மூன்று மடங்காயின. இறால் போன்ற சிற்றுயிரான கிரிலின் குஞ்சுகள் முற்றாக மடிந்திருந்தன. பாதிப்பு பத்து மீட்டருக்குள் அடங்கும் என்று அதுவரை கருதியிருந்த எங்களில் பலர் திகைத்துப்போனோம். ஆனால் அது ஒரே விரிகுடாவில் சில நாள்களே நடந்த சோதனை.

கேள்வி: எண்ணெய்த் துறைப் புவியியலாளன் நான். நார்வேயின் 2019 ஆய்வை நீங்கள் சொல்லாமல் விடுவது ஏன்?

பதில்: நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அங்கே கலானஸ் என்ற ஓட்டுடலியைப் பல தொலைவுகளில் வைத்துச் சோதித்தபோது, உடனடி இறப்பு ஐந்து மீட்டருக்குள் மட்டுமே கூடியது. ஆனால் அது ஒரே ஓர் இனம். டாஸ்மேனியாவில் மடிந்த கிரில் குஞ்சுகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆஸ்திரேலிய அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, டாஸ்மேனிய இறப்பு விகிதத்தையே வைத்து வடமேற்கு ஆஸ்திரேலியக் கடலுக்குக் கணினி மாதிரி அமைத்தபோது, மிதவை உயிரிகள் சில நாள்களில் மீண்டன. நீரோட்டம் புதியவற்றைக் கொண்டுவந்ததும் அவை விரைந்து பெருகுவதுமே காரணம். நீரோட்டம் மந்தமான விரிகுடாவுக்கு அந்த ஆறுதலை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே, தடை கேட்டவர், நீங்கள் என இருவரில் எவருக்கும் வெற்றியை அறிவிக்க நான் முன்வரமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் 250 டெசிபலில் மனிதக் காது கிழிந்துவிடுமா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மீன்கள் சாகின்றனவா?

பதில்: சாவதை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். பேரண்ட்ஸ் கடலில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், காட், ஹாடாக் மீன்களின் பிடிப்பு சராசரியாகப் பாதியாகக் குறைந்தது; துப்பாக்கிகள் ஓய்ந்து ஐந்து நாளாகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. செத்த மீனைத் தேடியவருக்கு ஒன்றும் கிடைத்திராது. மீனவருக்கோ வலை பாதி காலி. 2003இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், கூண்டிலிருந்த மீன்களின் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் சிதைந்து, 58 நாள் கழித்தும் சரியாகவில்லை. அவையும் உயிரோடுதான் இருந்தன. எல்லா இடத்திலும் இப்படி நேர்வதில்லை: 2021இல் வெளியான வடமேற்கு ஆஸ்திரேலிய ஆய்வில், அடித்தரை மீன்களின் எண்ணிக்கையிலோ நடத்தையிலோ மாற்றம் தென்படவில்லை.

கேள்வி: 2016இல் மணப்பாடு அருகே திமிங்கிலங்கள் ஒதுங்கியதற்கு இதுதானே காரணம்?

பதில்: அப்படி நிறுவப்படவில்லை. அதே கடற்கரையில் 1973 சனவரியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கூட்டமாகக் கரையொதுங்குவது அந்த இனத்தின் பழைய வழக்கம்.

கேள்வி: வலை சேதமானால் இழப்பீடு எப்படிக் கேட்பது?

பதில்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: மெல்லத் தொடங்கி ஓசையைக் கூட்டினால் விலங்குகள் விலகிவிடும் என்கிறார்களே?

பதில்: பிரிட்டன் 1995இல் வெளியிட்ட நெறிமுறையிலிருந்து பரவிய ஏற்பாடு அது. துப்பாக்கிகளை இயக்கும் முன் 500 மீட்டருக்குள் திமிங்கிலமோ ஓங்கிலோ இருக்கிறதா என்று கண்காணித்து, பின்பு படிப்படியாக ஓசையை உயர்த்துவார்கள். நீந்தி விலகக்கூடியவற்றுக்கு இது ஓரளவு உதவும். நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் கிரில் குஞ்சால் எங்கே விலக முடியும்?

கேள்வி: ஜெட் விமானத்தை விட எத்தனை மடங்கு சத்தம், ஐயா?

பதில்: இரண்டாம் பதில்.